கட்டுரையை ப்ரீபிரிண்டாகப் போட்டால் யாராவது சுட்டுவிடுவார்களா?

கேள்வி, நவம்பர் 3

முனைவர் பட்டம், மூன்றாம் ஆண்டு. முதல் கட்டுரை தயார். ஜர்னலுக்கு அனுப்பும் அன்றே ப்ரீபிரிண்டாகவும், அதாவது ஜர்னலின் மதிப்பீடு முடியும் முன்பே எல்லோரும் படிக்கும்படி இணையத்தில், போட்டுவிடலாம் என்கிறேன் நான். கைடு வேண்டாம் என்கிறார். யாராவது எடுத்துக்கொள்வார்கள், ஜர்னல் திருப்பி அனுப்பிவிடும், தப்பு இருந்தால் மானம் போகும், இவை அவர் சொல்லும் காரணங்கள். மூன்றில் எது நிஜம்?

நவம்பர் 3, இரவு

மூன்றாவது நிஜம். மானம் போகும். எனக்குப் போயிருக்கிறது. அந்தக் கதை பெரிது, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இரண்டாவதை மட்டும் இப்போதே முடித்துவிடலாம். ஜர்னல் திருப்பி அனுப்பும் என்ற பயம் சும்மா முளைத்ததல்ல. 1969இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர், வேறெங்காவது வெளிவந்துவிட்ட ஆய்வை எங்களிடம் கொண்டுவராதீர்கள் என்று விதி வைத்தார். மற்ற இதழ்களும் அதைப் பிடித்துக்கொண்டன. உங்கள் கைடுக்குக் கைடாக இருந்தவர் அந்த விதிக்குள்ளேயே வளர்ந்தவராக இருப்பார், பயம் வழிவழியாக வந்திருக்கும். இன்று அந்த இதழே ப்ரீபிரிண்டாக வந்த கட்டுரைகளை வாங்கிப் பார்க்கிறது. பெரும்பாலான இதழ்களும் அப்படித்தான். 'பெரும்பாலான' என்பது 'எல்லா' அல்ல, அதனால் நீங்கள் குறிவைத்திருக்கும் இதழின் விதிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

நவம்பர் 4

திருட்டு விஷயம்.

கட்டுரை பதிவேறிய நாளும் நிரந்தர எண்ணும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பட்டப்பகலில் நடுத்தெருவில் வைத்த பொருள் அது, எடுப்பவன் முகமும் தெரியும். அதே கட்டுரை ஜர்னலின் மதிப்பீட்டுக்காக எட்டு மாதம் முகம் தெரியாத இரண்டு மூன்று பேரின் மேசையில் கிடப்பதைப் பற்றி உங்கள் கைடு பயப்படவில்லை, பாருங்கள். அந்த இரண்டு மூன்று பேர் யார்? உங்கள் துறையில் உங்களுக்கு மிக நெருக்கமான வேலை செய்பவர்கள். மதிப்பீட்டாளர்களை அப்படித்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்!

முன்னுரிமையைக் காப்பாற்றிக்கொள்ள ஒருகாலத்தில் என்ன பாடுபட்டார்கள் தெரியுமா? ராபர்ட் ஹூக் 1676இல் தன் சுருள்வில் விதியை எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக அச்சிட்டார். 1678இல்தான் அவிழ்த்தார்: 'உட் டென்சியோ, சிக் விஸ்', அதாவது நீட்சி எவ்வளவோ விசை அவ்வளவு. யாருக்கும் சொல்லவும் கூடாது, முதலில் கண்டது நான் என்றும் இருக்க வேண்டும். இன்று பதிவேற்றிய தேதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஒன்று மட்டும் உண்மை. யாரும் தரவைத் திருட மாட்டார்கள், ஆனால் உங்கள் ப்ரீபிரிண்டைப் பார்த்த பெரிய ஆய்வகம் தன் பாதி முடிந்த வேலைக்கு ஆள் கூட்டி முடுக்கிவிடலாம். முந்திக்கொண்டு அச்சிலும் வந்துவிடலாம். இதற்குச் சில இதழ்கள் வழி வைத்திருக்கின்றன. எம்போ என்ற ஐரோப்பிய உயிரியல் அமைப்பின் இதழ்களில் நீங்கள் ப்ரீபிரிண்ட் போட்ட நாளிலிருந்தே பாதுகாப்பு. அதற்குப் பிறகு வேறொருவர் அதே முடிவை வெளியிட்டால், அதைக் காரணம் காட்டி உங்கள் கட்டுரையைத் தள்ள மாட்டார்கள்.

நவம்பர் 4, பத்து நிமிடம் கழித்து

காப்புரிமையை மறந்தேன். உங்கள் வேலையில் காப்புரிமை வாங்கக்கூடிய சமாசாரம் ஏதாவது இருந்தால் மேலே நான் எழுதியதையெல்லாம் ஓரமாக வையுங்கள். ப்ரீபிரிண்ட் போடுவது பகிரங்கப்படுத்துவதுதான். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமைக்கு அந்தச் சலுகை கிடையாது. விண்ணப்பத்துக்கு முதல் நாள் போட்டாலும் போனது போனதுதான். முதலில் விண்ணப்பம், அப்புறம் ப்ரீபிரிண்ட். இதில் உங்கள் கைடு பக்கம்தான் நானும்.

நவம்பர் 6

மானம் போன கதை.

ஒரு மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் பாக்டீரியா எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். 96 குழி உள்ள தட்டு. கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழியின் கலங்கலையும் அளக்கும். பாக்டீரியா இல்லாத வெறும் ஊடகமும் கொஞ்சம் ஒளியை மறைக்கும் என்பதால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். பிளாங்க் என்போம். கருவியோடு வந்த மென்பொருள் அதைக் கழித்துவிட்டுத்தான் கோப்பைத் தந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. பழைய கருவிக்கு எழுதிய என் நிரல் 0.09 என்ற எண்ணை இன்னொரு முறை கழித்தது.

கலங்கல் அதிகமான குழியில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆரம்ப மணிகளில், பாக்டீரியா கொஞ்சமாக இருக்கும்போது, எல்லாம் கெட்டது. இருக்கும் சிறிய எண்ணிலிருந்து பெரிய துண்டு போனால், மிச்சத்தின் மடக்கையை எடுத்துப் பார்க்கும்போது வளர்ச்சி வேகம் ஊதிப் பெருத்துத் தெரியும். எதிர்ம எண்ணாகிப் போனவற்றை நிரல் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது. மருந்து போட்ட குழிகளில் பாக்டீரியா குறைவு, ஆகவே ஊதலும் அங்கேதான் அதிகம். எங்களுக்குக் கிடைத்த 'கண்டுபிடிப்பு' என்ன தெரியுமா? குறைந்த அளவு மருந்து பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தூண்டுகிறது! மூன்று மருந்துகளுக்கும்! கட்டுரைக்குத் தலைப்பே அதுதான்.

ஜர்னலுக்கு அனுப்பி நாலு மாதம். இரண்டு மதிப்பீட்டாளர்கள், இருவரும் 'சிறு திருத்தங்கள்'. பதில் எழுதி அனுப்பினோம். அதன் பிறகும் இழுத்துக்கொண்டே போனதால் பொறுமை போய், தரவு, நிரல் எல்லாவற்றையும் சேர்த்து ப்ரீபிரிண்டாகப் போட்டேன். ஒன்பதாம் நாள் முன்பின் தெரியாத ஒரு மாணவரிடமிருந்து மின்னஞ்சல். வணக்கம்கூட இல்லை. 'உங்கள் கோப்பில் பிளாங்க் குழிகள் ஏற்கெனவே பூஜ்யம் காட்டுகின்றன. பிறகு எதற்கு 0.09 கழிக்கிறீர்கள்?'

அவ்வளவுதான் கடிதம்.

திருத்திப் பார்த்ததில் இரண்டு மருந்துகளில் தூண்டுதல் காணாமல் போனது, மூன்றாவதில் பாதியானது. ஜர்னலிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். இரண்டாம் பதிப்பை வேறு தலைப்பில் போட்டோம். உடன் எழுதிய ஒருவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆக, இரண்டு மதிப்பீட்டாளர்கள் நாலு மாதத்தில் காணாததை ஒரு மாணவர் ஒன்பது நாளில் கண்டார். மானம் போனது. ஜர்னலில் அச்சாகி வந்திருந்தால் இன்னும் பெரிதாகப் போயிருக்கும்.

நவம்பர் 7

அப்படியானால் மதிப்பீடே வேண்டாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நேற்றைய கடைசி வரி அப்படித்தான் தொனிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மதிப்பீடு என்பது ஆதி முதல் இருந்த வேதம் ஒன்றுமல்ல. நேச்சர் இதழே 1973இல்தான் எல்லாக் கட்டுரைகளையும் வெளியாட்களிடம் காட்டுவதை வழக்கமாக்கியது. அதற்காக அது வீண் என்றும் சொல்ல முடியாது. 1936இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை பிசிக்கல் ரிவ்யூவுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் அதை மதிப்பீட்டுக்கு அனுப்ப, பக்கம் பக்கமாகக் குறைகளோடு திரும்பி வந்தது. ஐன்ஸ்டைனுக்குக் கோபம். அச்சிடத்தான் அனுப்பினேன், வேறு நிபுணர்களிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு வேறோர் இதழில் வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. மதிப்பீட்டாளர் சொன்னதுதான் சரி.

ஐன்ஸ்டைனுக்கே தேவைப்பட்டது என்றால் 0.09 கழிக்கிற எனக்கு?

நவம்பர் 8

இயற்பியல்காரர்கள் மட்டும் எப்படி இதில் பயமில்லாமல் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு: அவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். கணினிக்கு முன்பே தட்டச்சுப் பிரதியைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். வட அமெரிக்காவின் முதல் இணையதளத்தை 1991 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி மையம் திறந்ததே ப்ரீபிரிண்ட் பட்டியலைத் தேடத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க் மின்னஞ்சல் வழியாக ஆரம்பித்ததுதான் இன்றைய ஆர்க்கைவ் என்ற ப்ரீபிரிண்ட் தளம். இப்போது மாதம் 20,000 கட்டுரைகளுக்கு மேல் வருகின்றன.

உயிரியலிலும் இதே முயற்சி அதற்கு முப்பது ஆண்டு முன்பே நடந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1961இல் குழுக்கள் அமைத்து ஆய்வுப் பிரதிகளைத் தபாலில் சுற்றுக்கு விட்டது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். சுற்றுக்குப் போன பிரதியை அச்சிட மாட்டோம் என்று இதழ்கள் கைகோத்தன. 1967இல் கடையைக் கட்டியாயிற்று. உயிரியலுக்கான ப்ரீபிரிண்ட் தளமான பயோ ஆர்க்கைவ் வந்தது 2013இல். உங்கள் கைடின் பயத்துக்கு இதைவிட நல்ல வம்சாவளி கிடைக்காது.

கொசுறு: ஆர்க்கைவின் தினசரிப் பட்டியலில் மேலே வரும் கட்டுரைகளுக்கு மேற்கோள் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார்கள். அதனால் அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 2 மணிக்குக் கெடு முடிந்த மறு விநாடி பொத்தானை அழுத்தக் காத்திருக்கும் பெரிய மனிதர்கள் உண்டு. பிரபஞ்சத்தின் தோற்றத்தை ஆராய்கிறவர்கள்.

நவம்பர் 10

மருத்துவத் துறை வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: உங்கள் 0.09ஆல் யாரும் சாகவில்லை, எங்கள் துறையில் சாவார்கள். நியாயம்.

2020 ஜனவரி 31 அன்று பயோ ஆர்க்கைவில் ஒரு கட்டுரை ஏறியது. கொரோனா கிருமியின் புரதத்தில் எச்ஐவியோடு ஒத்த துண்டுகள் இருக்கின்றன, இது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்றது. அந்தச் சின்னத் துண்டுகள் எத்தனையோ உயிரிகளிலும் இருப்பவை என்று வல்லுநர்கள் பின்னூட்டங்களில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிப்ரவரி 2இல் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். இரண்டு நாள்தான். ஆனால் கிருமியை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள் என்ற வதந்திக்கு அந்த இரண்டு நாளே போதுமாக இருந்தது. அதன் பிறகுதான் இது மதிப்பீடு செய்யப்படாதது என்ற எச்சரிக்கைப் பட்டையைப் பக்கத்தின் தலையில் ஒட்டினார்கள்.

சரி, மதிப்பீடு தாண்டியது? அதே ஆண்டு மே 22இல் லான்செட் இதழில் கொரோனாவுக்குத் தரப்பட்ட மலேரியா மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்தானது என்று ஒரு கட்டுரை. 96,000 நோயாளிகள், 671 மருத்துவமனைகள் என்று சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்துக்கான தன் பரிசோதனையையே நிறுத்தி வைத்தது. அந்தத் தரவைக் காட்டுங்கள் என்று வெளியாட்கள் கேட்க, காட்ட முடியாமல், ஜூன் 4இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்று நாள்.

மறுபக்கம் டெக்சாமெத்தசோன். மலிவான பழைய ஸ்டீராய்டு. செயற்கை சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்ற முடிவு ஜூன் 16இல் செய்தியாக வந்தது, ஜூன் 22இல் ப்ரீபிரிண்ட், இதழில் வந்தது ஜூலை 17. ப்ரீபிரிண்டுக்கும் இதழுக்கும் நடுவே இருந்த 25 நாளில் உலகெங்கும் எத்தனை பேர் செயற்கை சுவாசத்தில் படுத்திருந்தார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மருத்துவத்தில் ப்ரீபிரிண்ட் கூடாது என்பவர்கள் இந்த 25 நாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கூடும் என்பவர்கள் அந்த இரண்டு நாளுக்கு. என்னிடம் இரண்டுக்குமே பதில் இல்லை. நான் பாக்டீரியாக்காரன்.

நவம்பர் 11

'அறை வெப்பநிலை மீகடத்தியை மறந்துவிட்டீர்களே' என்கிறார்கள். மறக்கவில்லை. மீகடத்தி என்றால் மின்தடையே இல்லாத பொருள். அறை வெப்பநிலையிலேயே அப்படி இருக்கிறது என்ற உரிமைகோரலோடு 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் ஆர்க்கைவில் ஏறியதும் உலகமே மிதந்தது. ஆகஸ்டு நடுவிலேயே அது மீகடத்தி இல்லை, கலப்பாக இருந்த தாமிர சல்ஃபைடு செய்த வேலை என்று பல ஆய்வகங்கள் சேர்ந்து முடித்துவைத்தன. அறை வெப்பநிலை மீகடத்தி என்று நேச்சரில் மதிப்பீடு தாண்டி வந்த இரண்டு கட்டுரைகளில் 2020இல் வந்தது திரும்பப் பெறப்பட 2022 செப்டம்பர் ஆனது. 2023 மார்ச்சில் வந்தது நவம்பரில் போனது.

இதையும் என் கட்சிக்கு ஆதரவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் எல்கே-99 எளிதில் செய்து பார்க்கக்கூடிய பொருள், மற்றதற்கு ராட்சத அழுத்தம் வேண்டும், ஆகவே சரிபார்க்கும் ஆட்களும் குறைவு. வேகத்துக்குக் காரணம் ப்ரீபிரிண்ட் மட்டுமல்ல. ஒப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, லான்செட்டை முந்திவிட்டேன்.

நவம்பர் 13

நவம்பர் 6இல் எழுதிய கதையில் ஒரு பொய் இருக்கிறது. தெரிந்து சொன்னதல்ல.

தேதிகளைச் சரிபார்க்கலாம் என்று பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். இரண்டாம் மதிப்பீட்டாளரின் அறிக்கை கிடைத்தது. பன்னிரண்டு கேள்விகள். ஏழாவது: 'பிளாங்க் எந்தக் கட்டத்தில் கழிக்கப்பட்டது என்று முறைகள் பகுதியில் தெளிவில்லை. விளக்கவும்.'

அவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் பதிலும் கூடவே இருக்கிறது. எழுதியது நான்தான். 'கருவியின் கையேட்டில் கூறியுள்ளபடி கழிக்கப்பட்டது. முறைகள் பகுதியில் ஒரு வரி சேர்த்துள்ளோம்.' நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல் எழுதியது. பன்னிரண்டு கேள்விக்கும் ஒரே மாலையில் பதில் எழுதினேன், எட்டாம் கேள்விக்காகப் புதுப் படம் வரைவதில் மூன்று மணி நேரம் போனது நன்றாக நினைவிருக்கிறது. ஏழாவதற்கு முப்பது விநாடி ஆகியிருந்தால் அதிகம்.

இத்தனை காலமாக இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒவ்வொரு முறையும் 'இரண்டு மதிப்பீட்டாளரும் காணாததை' என்றே. அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. சம்பளமில்லாமல் என் கட்டுரையைப் படித்து, சரியான இடத்தில் விரல் வைத்தார். நான் விரலைத் தட்டிவிட்டேன்.

நவம்பர் 14

ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவருக்கு மழுப்பினேன், இன்னொருவர் கேட்டதும் வியர்த்தது. ஏன்?

நேற்றிரவு தோன்றியது: மதிப்பீட்டாளரின் கேள்வி எனக்குத் தேர்வுத்தாள் மாதிரி. எப்படியாவது மதிப்பெண் வாங்கித் தாண்ட வேண்டும். அந்த மாணவரின் கேள்வியில் தாண்ட எதுவுமில்லை. தவிர, அவர் கையில் கோப்பு இருந்தது. மதிப்பீட்டாளர்களுக்கு நாங்கள் தரவையும் நிரலையும் அனுப்பவே இல்லை, கேட்டால் தருவோம் என்று ஒரு வரி எழுதியிருந்தோம், அவ்வளவுதான். ஆக என் மானத்தை வாங்கியதும் காப்பாற்றியதும் ப்ரீபிரிண்டா, திறந்து வைத்த தரவா? ஜர்னலுக்கே கோப்போடு அனுப்பியிருந்தால் ஏழாம் கேள்வி என் முப்பது விநாடிப் பதிலோடு நின்றிருக்காது.

இன்னொன்று. அந்தக் கேள்வியும் பதிலும் எல்லோரும் பார்க்கும்படி இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பேனா? ஈலைஃப் இதழ் 2023 முதல் ப்ரீபிரிண்டைத்தான் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறது. ஏற்பு, நிராகரிப்பு கிடையாது, மதிப்பீட்டை அப்படியே கட்டுரையோடு வெளியிடுகிறது. முன்பு இதைக் கிறுக்குத்தனம் என்று இங்கேயே எழுதியவன் நான். பழைய பதிவைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

நவம்பர் 19

மானம் ஒருமுறை போவதோடு முடிவதில்லை. முதல் பதிப்பு அழியாது. 'புதிய பதிப்பு உள்ளது' என்ற குறிப்போடு இன்றும் அங்கேயே இருக்கிறது. தேடிப் பார்த்தால் போன ஆண்டு வந்த ஒரு கட்டுரை, மூன்று மருந்துகளும் வளர்ச்சியைத் தூண்டுகின்றன என்று எங்கள் முதல் பதிப்பை மேற்கோள் காட்டியிருக்கிறது. மதிப்பீடு செய்யப்பட்ட இதழில்! எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அவர்களுடைய ஏழாம் கேள்வி நான் போலிருக்கிறது.

நவம்பர் 21

செயற்கை நுண்ணறிவு எழுதும் குப்பை பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக: ஆமாம், கழுத்துவரை வந்துவிட்டது. 2025 அக்டோபர் கடைசியில் ஆர்க்கைவ் கணினி அறிவியல் பிரிவில் ஒரு வாசலைச் சாத்தியது. பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைகளும் கருத்துக் கட்டுரைகளும் இனி வேறெங்காவது மதிப்பீடு தாண்டி வந்தால்தான் ஏறும். மதிப்பீட்டுக்கு முன்பே பகிரத் தொடங்கிய இடம், மதிப்பீட்டுச் சீட்டைக் காட்டு என்கிறது. அதே ஆண்டு சில ப்ரீபிரிண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், நல்லதாக மட்டும் மதிப்பீடு எழுது என்று இயந்திரத்துக்குக் கட்டளை ஒளித்து வைத்திருந்ததும் பிடிபட்டது. ஹூக் எழுத்தைக் கலைத்தார், இவர்கள் வெளுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 2

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கைடிடம் இந்த இழையைக் காட்டினாராம். அவர் நவம்பர் 13ஆம் தேதிக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, 'தரவோடு போடுவதென்றால் போடு, ஆனால் அதற்கு முன் நிரலை என் முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டு' என்றாராம். ஓட்டியதில் ஒரு கோப்புப் பெயர் தப்பாக இருந்ததாம். நேற்று ப்ரீபிரிண்ட் ஏறிவிட்டது.

கைடைப் பற்றி மேலே எழுதிய கிண்டல்களில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். வம்சாவளி பற்றியது இருக்கட்டும்.

இறக்கிப் படித்தேன். படம் 4இல் நிற்கும் அச்சில் அலகு போடவில்லை. துணைக் கோப்பில் இரண்டாம் தாளில் 31ஆம் வரிசை இரண்டு முறை வந்திருக்கிறது, சராசரியில் சேர்ந்ததா என்று பாருங்கள். தனிமடலிலும் அனுப்பியிருக்கிறேன், வணக்கம் போடாமல்.